மகளுக்கு எந்தப் பாடசாலை?

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து ஒரு கிழமை கழிந்திருக்கும். மாலைச் செபமாலையை முடித்துக்கொண்டு பங்குமனைக்குத் திரும்பிய நாம், விறாந்தை வாங்கில் ஒரு குடும்பம் எமக்காகக் காத்திருக்கக் கண்டோம். தகப்பன் எமது கடற்கரைப் பங்கின் மீன்பிடித் தொழிலாளி. தாய் கடைக்குட்டியை மடியில் வைத்திருந்தாள். அவர்களுடைய மூத்த மகள், பத்து வயதினள், தூணோடு சாய்ந்தபடி நின்றாள்.

“பிள்ளைக்கு வெட்டுப்புள்ளிக்கு மேலை வந்திருக்கு, சுவாமி. ரவுண் பள்ளிக்கூடத்துக்கும் காணும். இனி எங்கை விடுறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்” என்றார் தகப்பன்.

செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சியோடு கலக்கமும் இருந்தது. நகரத்திலுள்ள பெயர் பெற்ற பெண்கள் பாடசாலைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேற் செல்ல வேண்டும். ஆதலின் மகளை விடுதியில் விட்டாக வேண்டும். ஊருக்கு அருகிலுள்ள மகா வித்தியாலயமோ சைக்கிளிற் சென்றாற் கால் மணி நேரத் தொலைவில் உள்ளது. ஆண் பெண் இருபாலாரும் கற்பது. பதினோராந் தரத்தோடு முடிவது. பாரிஸ் நகரிலிருக்கும் தாய்மாமன், “காசு நான் அனுப்புறன், பெரிய பள்ளிக்கூடத்துக்கே விடுங்கோ” என்று தொலைபேசியில் வற்புறுத்துகின்றார். வீட்டிலிருக்கும் அப்பாச்சியோ, “பொம்பிளைப் பிள்ளையை ஊர் விட்டு ஊர் விடுறதோ?” என்று இரண்டு நாளாகச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் இவற்றைப் பற்றி எல்லோரும் பேசினோம். ஒருத்தி மாத்திரம் வாய் திறக்கவில்லை. எவளைப் பற்றிப் பேசினோமோ, அவளே அந்த ஒருத்தி.

ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியோடு எம்மை நாடி வரும் பெற்றோர் பலர். ஆதலின், அன்று அக்குடும்பத்தாரோடு பேசியவற்றையும், அதற்கு முன்னர் எமது தவறுகளால் நாம் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இப்பரீட்சை வந்த வழி

இலங்கையில் ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்ந்த கல்வி எட்டாக்கனியாக இருந்த ஒரு காலம் உண்டு. நல்ல ஆங்கிலப் பாடசாலைகள் நகரங்களிலேயே இருந்தன. கட்டணம் செலுத்த வல்லவர்க்கே அவற்றின் வாயில் திறந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் இந்நிலையை மாற்ற முயன்றார். அவர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாளிலிருந்து பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அக்காலத்திலேயே கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிற் சிறந்து விளங்கிய கிராமத்துப் பிள்ளைகளைப் பரீட்சை மூலம் தெரிந்தெடுத்து, அப்பாடசாலைகளில் விடுதி வசதியோடு கற்பிக்கும் ஒழுங்கும் செய்யப்பட்டது. புலமைப்பரிசிலின் வேர் இதுவே. தோணியோட்டியின் மகளும் தோட்டத் தொழிலாளியின் மகனும் மேலே ஏறுவதற்கென அமைத்த ஏணி அது.

இன்றும் அப்பரீட்சை இரண்டு நோக்கங்களைக் கொண்டுள்ளது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாந்த உதவித் தொகை வழங்குவது ஒன்று. ஆறாந் தரத்தில் நாட்டின் பெயர் பெற்ற பாடசாலைகளுக்கு மாணவரைத் தெரிவு செய்வது மற்றொன்று. காலப்போக்கில் முதலாவது நோக்கம் ஒதுங்கிப்போக, இரண்டாவதே பெற்றோரின் உள்ளத்தை முழுமையாக ஆட்கொண்டுவிட்டது. வசதி படைத்தோரின் பிள்ளைகளும் அதே ஏணியில் ஏறத் தொடங்கினர். ஏறுவோர் பெருகப் பெருக நெருக்கடியும் பெருகியது. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் சிறுவர் சிறுமியர் சிங்கள மொழியிலும் தமிழ் மொழியிலும் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பெரிய பாடசாலைகளில் உள்ள இடங்களோ மிகச் சில. போதாக்குறைக்கு, அப்பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் முதலாந் தரத்திலிருந்தே கற்கும் பிள்ளைகள் இயல்பாகவே ஆறாந் தரத்துக்கு ஏறிவிடுவதால், வெளியிலிருந்து வருவோர்க்கு எஞ்சும் இடங்கள் இன்னுங் குறைகின்றன.

200 புள்ளிகள் சொல்வதும் சொல்லாததும்

இப்பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள் உள. முதலாவது வினாத்தாளில் 40 வினாக்கள். ஒரு மணி நேரம். இரண்டாவதில் 60 வினாக்கள். ஒரு மணி நேரமும் பதினைந்து நிமிடமும். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகளாக, மொத்தம் 200. ஆக, இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை எழுதுவதைக் கொண்டு அவள் எந்தப் பாடசாலையின் படி மிதிக்கலாம் என்பது தீர்மானிக்கப்படுகின்றது.

அப்புள்ளிகள் சொல்வன சில உள. பிள்ளை வாசித்து விளங்கிக்கொள்கின்றாளா, கணக்கை விரைந்து செய்கின்றாளா, உருவங்களின் ஒழுங்கைக் கண்டறிகின்றாளா என்பவற்றை அவை ஓரளவு காட்டும். அவை சொல்லாதவை அவற்றினும் பல. ஒரு பாடத்தை ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு தொடர்ந்து கற்கும் ஆற்றல் அவளிடம் உண்டா? தோல்வி வந்தால் எழுந்து நிற்பாளா? வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் மனத்திடம் உண்டா? தம்பி காய்ச்சலிற் கிடந்தபோது பரீட்சைக்கு முதல் நாளிரவு விழித்திருந்து அவனுக்குத் தண்ணீர் பருக்கினாளே, அந்த அன்புக்கு எத்தனை புள்ளி? எந்த வினாத்தாளும் இவற்றைக் கேட்பதில்லை.

புள்ளிகள் மனிதர் இடுபவை. மனிதரின் குறைபாடு அவற்றையுந் தொடும். 2024 செப்டெம்பர் 15ஆம் நாள் நடைபெற்ற பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தமை வெளியாயிற்று. பெற்றோர் வீதியில் இறங்கினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் அம்மூன்று வினாக்களுக்கும் பரீட்சைக்குத் தோற்றிய அனைவருக்கும் முழுப் புள்ளிகள் வழங்குவதென முடிவாகி, பெறுபேறு 2025 சனவரியில் வெளிவந்தது. அதுவரை நான்கு மாதங்களாக அப்பிள்ளைகள் எத்தகைய பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு வளர்ந்திருப்பார்கள் என்பதைப் பெரியோராகிய நாம் எண்ணிப் பார்த்தோமா?

மூன்றாந் தரத்திலேயே தனியார் வகுப்பு தொடங்கிவிடுகின்றது. பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு, சனிக்கிழமை ஒரு வகுப்பு, ஞாயிறு காலையில் மாதிரி வினாத்தாள். மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாந் தரப் பிள்ளைகளின் வாங்கு வெறுமையாகக் கிடக்கின்றது. விளையாடுவதற்கும் நேரமில்லை, செபிப்பதற்கும் நேரமில்லை. இவ்வாறு ஏறிய பிள்ளை ஆறாந் தரத்தில் களைத்துப்போய் நிற்பதை ஆசிரியர் பலர் எம்மிடம் முறையிட்டிருக்கின்றனர்.

நாம் செய்த தவறு

பெற்றோரைக் குறை கூறுமுன் எம்மையே குறை கூற வேண்டியவர்களாயிருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, பெறுபேறு வந்த அடுத்த ஞாயிறு, திருப்பலியின் முடிவில், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய நான்கு பிள்ளைகளின் பெயர்களை வாசித்தோம். பீடத்தின் முன் அவர்களை அழைத்து ஆளுக்கொரு பேனாவும் செபப் புத்தகமும் வழங்கினோம். கோயில் நிறைந்த கைதட்டல். நல்ல செயலொன்றைச் செய்தோமென்ற மனநிறைவோடு நாமும் பங்குமனைக்குச் சென்றோம்.

பாடகர் குழாத்தில் முன்வரிசையில் நின்று பாடும் ஒரு சிறுமி அதற்குப் பின் மூன்று ஞாயிறுகளாக வரவில்லை. காய்ச்சலோ என்றெண்ணி வீட்டுக்குச் சென்றோம். கிணற்றடியிற் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு புள்ளியால் தவறியவள் அவள். ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்டோம். நெடுநேரம் தலை நிமிராதிருந்துவிட்டு, “என்ரை பேர் கோயிலிலை வாசிக்கேல்லையே, சுவாமி” என்றாள்.

அன்பர்களே, அவ்வார்த்தைக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. பேரும் முகமும் பாராது எல்லோரையும் ஏற்றுக்கொள்ள வேண்டிய இடத்திலேயே, பரீட்சைத் திணைக்களத்தின் பட்டியலை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்துவிட்டோம். அடுத்த ஞாயிறு அவளை அழைத்துவந்து, ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயர் எழுதப்பட்ட பக்கத்தைக் காட்டினோம். விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். மறு ஞாயிறு பாடகர் குழாத்தில் அவள் குரல் கேட்டது. ஆயினும் அந்த மூன்று ஞாயிறுகளை நாம் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்று முதல் எமது பங்கில் வழக்கம் மாறியது. பரீட்சைக்கு முந்திய ஞாயிறு ஐந்தாந் தரப் பிள்ளைகள் அனைவரையும் பீடத்தின் முன் அழைத்து ஆசீர்வதிக்கின்றோம். பேனாவும் அன்றே, அனைவருக்கும். பெறுபேறு வந்த பின் பெயர்ப் பட்டியல் வாசிப்பதில்லை. வீடுகளிலும் இவ்வாறு நடக்குமாயின் எத்துணை நன்று! வாயிலில் பதாகை கட்டுவதையும், உறவினர் முன்னிலையில் “உன்ரை மச்சாளுக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு?” என்று கேட்பதையும் பெற்றோர் விட்டுவிட வேண்டும்.

“பெண் பிள்ளைதானே!”

இனி, அப்பாச்சியின் கவலைக்கு வருவோம். அதை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட தலைமுறை அது. பிரிந்து சென்ற பிள்ளை திரும்பி வராத வீடுகள் எமது பங்கிலும் உள்ளன. அச்சம் அவருக்கு அனுபவத்திலிருந்து வருகின்றது. ஆயினும் அச்சத்துக்குப் பின்னால் வேறொரு எண்ணமும் ஒளிந்திருப்பதுண்டு. மகனுக்கு இதே புள்ளிகள் கிடைத்திருந்தால் இத்தனை விவாதம் நிகழ்ந்திருக்குமா? “பெண் பிள்ளைதானே, பக்கத்திற் படித்தாற் போதும்” என்ற வார்த்தை தகப்பன் வாயிலிருந்தும் வந்தது. அவ்விடத்தில் நாம் சற்றுக் கடுமையாகவே பேசினோம்.

வடபுலத்தில் பெண்கள் கற்றது இன்று நேற்றன்று. அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஆசியாவிற் பெண்களுக்கென எழுந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. 1862இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரத் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்திறங்கிப் பெண்களின் கல்வியைத் தம் பணியாக மேற்கொண்டனர். 1896இல் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி எழுந்தது. அக்காலத்திலும் ஒவ்வொரு தகப்பனும் தயங்கியே மகளை அனுப்பியிருப்பான். அன்று தயங்கியும் அனுப்பியவர்களுடைய பேத்திமாரும் பூட்டப் பிள்ளைகளுமே ஆசிரியைகளாகவும் தாதியராகவும் வைத்தியர்களாகவும் நமக்குப் பணிபுரிந்தனர்.

ஆகவே, மகள் என்பதற்காக அவளுக்குக் குறைந்ததைத் தெரிவு செய்வது நீதியன்று. அதே வேளை, மாமனின் பெருமைக்காகவும் ஊராரின் வாய்க்காகவும் பெரிய பாடசாலையைத் தெரிவு செய்வதும் நீதியன்று. இரண்டிலும் பிள்ளை மறைந்துபோகின்றாள்.

தெரிவு செய்யுமுன்

பிள்ளைகளுக்குக் கல்வியூட்டும் முதற் கடமையும் உரிமையும் பெற்றோருக்கே உரியன என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது அறிக்கையில் வலியுறுத்தியது. ஆகையால் பங்குத்தந்தை தீர்ப்புச் சொல்லிப் பெற்றோர் கீழ்ப்படிவது முறையன்று. ஆராய வேண்டியவற்றை எடுத்துக்காட்டுவதே எம் வேலை. அன்று அக்குடும்பத்துக்கு நாம் எடுத்துக்காட்டியவை இவை.

முதலாவது, பாடசாலையின் தரத்தைப் பெயரைக் கொண்டு மதியாது, அது எதுவரை கற்பிக்கின்றது என்பதைக் கேட்டறிக. நமது நாட்டில் 1ஏபி எனப்படும் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் உள்ளன. 1சி பாடசாலைகளில் உயர்தரக் கலையும் வணிகமும் உண்டு. இரண்டாம் வகைப் பாடசாலைகள் பதினோராந் தரத்தோடு முடிவன. அருகிலுள்ள பாடசாலை இரண்டாம் வகையினதாயினும், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிலையான ஆசிரியர் அங்கிருப்பின் சாதாரண தரம் வரை குறையில்லை. சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு உயர்தரத்துக்கு வேறு பாடசாலை செல்லும் வழி மீண்டும் திறக்கின்றது. பத்து வயதில் மூடிய வாயில் பதினாறு வயதில் திறக்கும் என்பதைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, தொலைவு. நாளாந்தம் பேருந்திற் செல்லும் பிள்ளையாயின் எத்தனை மணிக்கு எழும்புவாள், எத்தனை மணிக்கு வீடு சேர்வாள், மாரி காலத்தில் வீதி எப்படி என்று கணக்கிடுக. பாடசாலையில் ஆறு மணி நேரம் கற்பதற்குப் பேருந்தில் நான்கு மணி நேரம் நிற்பாளாயின், வீட்டில் அவள் பாடத்தைத் திறக்குமுன் கண் மூடிவிடும்.

மூன்றாவது, விடுதி. அதன் வாயிலில் நின்று அருட்சகோதரியோடு பேசிவிட்டுத் திரும்புவது போதாது. உறங்கும் இடத்தையும் குளிக்கும் இடத்தையும் சாப்பாட்டறையையும் தாய் நேரிற் பார்க்க வேண்டும். நோய் வந்தால் யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு வரலாம், தொலைபேசியில் எப்போது பேசலாம் என்று கேட்க வேண்டும். விடுதியில் உள்ள இரண்டு மூன்று மூத்த பிள்ளைகளோடு தனியே பேசினால், அலுவலகத்திற் கேட்டு அறியாத பலவற்றை அறியலாம்.

நான்காவது, வகுப்பறை. புதிதாகச் சேரும் பிள்ளை, முதலாந் தரத்திலிருந்து ஒன்றாய்க் கற்றவர்களின் நடுவில் அந்நியளாய் அமர்வாள். ஊரில் முதலாவதாக வந்தவள் அங்கே இருபத்தைந்தாவதாக வரலாம். அதற்கு அவள் அணியமாக இருக்கின்றாளா? அவளை விட முக்கியமாக, பெற்றோர் அணியமாக இருக்கின்றனரா? முதலாந் தவணை அறிக்கையைக் கண்டு வீட்டில் எழும் பெருமூச்சு, விடுதியின் தனிமையிலும் பிள்ளையைக் கொடிதாக வருத்தும்.

ஐந்தாவது, பணம். பாடசாலைக் கல்வி இலவசம், மற்றவை இலவசமல்ல. விடுதிக் கட்டணம், சீருடை, சப்பாத்து, பயணம், வசதிக் கட்டணங்கள் என்று அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க. மாமனின் பணம் ஓர் ஆண்டு வராது போனால் என்ன செய்வது என்பதையும் அத்தாளிலேயே எழுதுக. ஒருத்திக்காகக் கடன்பட்டு, அடுத்தவளின் படிப்பை நிறுத்துவது குடும்பத்துக்கு ஆகாது.

ஆறாவது, சமயம். நம் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவளுடைய சமயத்தைக் கற்பிக்க வேண்டுமென்பதும், சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடமென்பதும் பலரும் அறிந்தவையே. ஆயினும் கத்தோலிக்க சமயத்துக்கு அங்கே ஆசிரியர் உண்டா என்று கேட்டறிதல் நன்று. இல்லையாயின் அப்பகுதிப் பங்கின் மறைக்கல்வி வகுப்பை விசாரிக்க. கத்தோலிக்கப் பாடசாலை அல்லாத நல்ல பாடசாலையை இக்காரணத்துக்காக மாத்திரம் ஒதுக்க வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். விசுவாசத்தின் முதற் பள்ளிக்கூடம் வீடு.

ஏழாவதாக, படித்த தந்தையர் சிலர் எழுப்பும் ஒரு கேள்விக்கும் மறுமொழி சொல்லிவிடுவோம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு நூற்றுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு போன்றவை அத்தகைய மாவட்டங்கள். ஆகவே பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினால் நட்டம் வருமோ என்று அவர்கள் கேட்கின்றனர். அறிந்திருக்க வேண்டிய விடயமே. ஆனால் அது உயர்தரக் காலத்தில் எழும் கேள்வி. பத்து வயதுப் பிள்ளையின் தெரிவை அதைக் கொண்டு செய்வது, வலை வீசுமுன் மீனுக்கு விலை பேசுவதாகும்.

திரும்பி வரும் வழி

மற்றொரு குடும்பத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு சிறுமியைத் தொலைவிலுள்ள பெரிய பாடசாலைக்கு அனுப்புமாறு நாமே பெற்றோரைத் தூண்டினோம். “இத்தகைய வாய்ப்பு இனி வராது” என்றோம். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாந் தவணையில் அவள் உணவு கொள்ளாது மெலிந்தாள். வீட்டுக்கு வர வேண்டுமென்று அழுதாள். “ஊரார் என்ன சொல்வார்கள்?” என்று பெற்றோர் தயங்கினர், “சற்றுப் பொறுத்துப் பாருங்கள்” என்று நாமும் சொன்னோம். ஆண்டு முடிவில் அழைத்துவந்தபோது, பாடசாலை என்ற சொல்லைக் கேட்டாலே அவள் உடல் நடுங்கியது. மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுக்க அவளுக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. அனுப்பியது தவறென்று இன்று நாம் எண்ணவில்லை. அவளை அழைத்துவரத் தாமதித்ததே தவறு.

இவ்விடத்தில் எமக்கு ஒரு தகப்பனின் நினைவு வருகின்றது. பிரான்சு நாட்டின் லிசியே நகரில் வாழ்ந்த லூயி மார்த்தேன் அவர். மனைவி 1877இல் இறந்தபின் ஐந்து பெண் பிள்ளைகளை வளர்த்தவர். கடைசி மகளுக்கு எட்டரை வயதானபோது, 1881இல், ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பாடசாலையில் அவளைச் சேர்த்தார். வீட்டில் தமக்கையரிடம் நன்கு கற்றிருந்தவளாதலின், தன்னிலும் வயதில் மூத்த பிள்ளைகளின் வகுப்பில் அமர்த்தப்பட்டாள். படிப்பில் முந்தினாள். அதனாலேயே பொறாமைக்கும் கேலிக்கும் ஆளானாள். விளையாட்டில் கூடவும் தெரியவில்லை. எதிர்த்துப் பேசவும் தெரியவில்லை. அப்பாடசாலை ஆண்டுகளே தன் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று பிற்காலத்தில் அவள் நினைவுகூர்ந்தாள். உடன் கற்ற தமக்கை செலின் படிப்பை முடித்து விலகியபின் அவள் துன்பம் மிகுந்தது. தலைவலியும் மனக்கலக்கமும் பற்றிக்கொண்டன. 1886இல் தகப்பன் அவளைப் பாடசாலையிலிருந்து விலக்கி, தனியாசிரியை ஒருவரிடம் கற்க ஒழுங்கு செய்தார்.

அப்பாடசாலை தீயதன்று, அவளுடைய தமக்கையரும் கற்ற இடமே. ஒருத்திக்குப் பொருந்திய இடம் மற்றொருத்திக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. தகப்பன் அதைக் கண்டார். ஊர்ப் பேச்சை எண்ணாது வீட்டு வாயிலைத் திறந்தார். பாடசாலைப் படிப்பை இடையில் விட்ட அச்சிறுமியைத்தான் 1925இல் திருச்சபை புனிதையாக உயர்த்தியது. 1997இல் மறைவல்லுநர் என்றும் அறிவித்தது. நாம் சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் அவர். அவருடைய பெற்றோரும் 2015இல் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர்.

தூணருகே நின்ற சிறுமி

அன்று விறாந்தையில் இவற்றையெல்லாம் பேசி முடித்தபின், தூணருகே நின்றவளைக் கிட்ட அழைத்தோம். “பிள்ளைக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டோம். தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பின்னர் மெல்லிய குரலில், “போக விருப்பம், சுவாமி. அங்கை பெரிய நூலகம் இருக்காம். ஆனா, எனக்குப் பிடிக்காட்டி வரலாமோ?” என்றாள்.

நாம் ஏழு காரியங்களை எடுத்துரைத்தோம். எட்டாவதைக் குழந்தை கேட்டுவிட்டாள். எல்லாவற்றிலும் முதன்மையானது அதுவே. மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் நாமல்ல. தகப்பனைப் பார்த்தோம். கடலில் எத்தனையோ புயலைக் கண்ட அம்மனிதர் கண்களைத் துடைத்துக்கொண்டு, “வரலாம், பிள்ளை. எப்ப வேணுமெண்டாலும் வரலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்” என்றார்.

அடுத்த கிழமை ஒரு வேலை நாளில் தாயும் தகப்பனும் மகளை அழைத்துச் சென்று நகரத்துப் பாடசாலையையும் விடுதியையும் பார்த்துவந்தனர். மறுநாள் அருகிலுள்ள மகா வித்தியாலயத்தின் அதிபரையும் கண்டு பேசினர். ஒரு கிழமை வீட்டிற் பேசினர், செபித்தனர். அப்பாச்சியையும் விடுதி பார்க்க அழைத்துச் சென்றனர் என்று பின்னர் அறிந்தோம். முடிவில் நகரத்துப் பாடசாலையிற் சேர்த்தனர். ஓர் ஆண்டு கழித்து மகளோடு அமர்ந்து, தொடர்வதா திரும்புவதா என்று மீண்டும் பேசுவதென உடன்பாடு. அவள் முதலாந் தவணையில் இருபத்தெட்டாவதாக வந்தாள். விடுமுறைக்கு வந்தவள் நூலகத்தில் வாசித்த கதைகளைத் தம்பிக்கும் அப்பாச்சிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நிலைத்து நிற்பாளோ, திரும்புவாளோ, ஆண்டவரே அறிவார். எதுவாயினும் அவள் வெட்கப்பட வேண்டியிராது.

அன்பார்ந்த பெற்றோரே, நமது ஆண்டவர் பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவில் அமர்ந்திருந்தார். கேட்டவரெல்லாம் அவருடைய அறிவை வியந்தனர். இத்தகைய மகனைத் தலைநகரிலேயே கற்க விட்டால் என்ன என்று ஊரார் சொல்லியிருக்கக்கூடும். ஆயினும் அவர் தாய் தந்தையரோடு நாசரேத்துக்கே திரும்பினார். அச்சிற்றூரிலேயே ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார். நகரமும் நாசரேத்தும் இறைவனுக்கு ஒன்றே. உங்கள் மகள் நகரத்துக்குச் செல்லும் பிள்ளையாயினும், ஊரிலேயே கற்கும் பிள்ளையாயினும், இரண்டு புள்ளியால் தவறிய பிள்ளையாயினும், அவள் வீடு திரும்பும்போது வாயில் திறந்திருக்கட்டும், விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும்.